எட்டுக் கம்பியும் ஒன்பது கெஜமும்

இதைத் தெரிந்துகொண்டு உனக்கு என்ன ஆகப்போகிறது? கேட்பதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா? என் கல்யாணத்தைக் கேள். ஆற்றில் வெள்ளம் ஏறிக் கொல்லைக் கதவைத் தட்டிய வருஷத்தைக் கேள். நல்ல நல்ல கதையெல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு, அந்தக் கம்ப்யூட்டர் வயரைக் கெடுத்தது யார் என்று கிளறிக்கொண்டு நிற்கிறாய். எனக்கு முழங்கால் வலிக்கிறது. மத்தியானத் தூக்கமும் போயிற்று. சரி, உட்கார். நடுவில் சந்தேகம் கேட்டால் எழுந்து போய்விடுவேன், சொல்லிவிட்டேன்.

நான் படித்தது நாலாம் கிளாஸ். அந்த வயர் அஞ்சாம் வகை. கேட்டகரி ஃபைவ் என்று அதன் உடம்பு முழுக்க இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. என்னைவிட ஒரு கிளாஸ் கூடப் படித்த வயர். அதைப் பற்றி நான் பேசுவதே அதிகம். சம்பந்தப்பட்டவள் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டாள், அதுவும் அவள் ஆசைப்பட்டபடி தன் வீட்டிலேயே. அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோன வருஷம் அது. மொபைல் போன் பெரிய மனிதர்கள் கையில் மட்டும் இருந்த காலம். திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டின் முன் கூடத்தில் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்கவைத்திருந்தோம். படுக்கைப்புண் வராமல் இருக்கவேண்டுமென்றால் அடிக்கடி புரட்டிப் போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் நல்ல உயரம், நல்ல கனம். ஒருத்தியால் ஆகாது. தோள் பக்கம் மாட்டுப்பெண் பிடிப்பாள், இடுப்புப் பக்கம் நான். "ஒண்ணு, ரெண்டு" என்று அவள் சொல்வாள், "மூணு" என்று நான் சொல்வேன், அவர் புரளுவார். புரண்டுவிட்டு என்னை முறைப்பார். பேச்சு போய்விட்டது, முறைப்பு மட்டும் போகவில்லை.

பிள்ளை மெட்ராஸில் ஒரு லாட்ஜ் அறையில் தங்கி வேலை பார்த்தான். அங்கேயே மாட்டுப்பெண்ணுக்கும் ஒரு வேலை பார்த்துவைத்திருந்தான். அவள் போகவில்லை. அதற்குப் பதில் இங்கேயே ஒரு வேலை பிடித்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒரு மிஷினில் பேசிவைப்பார்களாம். அந்தப் பேச்சு போன் கம்பி வழியாக நம் வீட்டுக்கு வரும். அதைக் காதில் வைத்துக் கேட்டு, டைப் அடித்து, திருப்பி அனுப்பவேண்டும். வேலை கொடுத்த ஆபீஸ் ஒரு மாதம் பார்க்கிறோம் என்றது. சொன்ன நேரத்துக்கு வந்தால் தொடர்ந்து வேலை. வராவிட்டால் வேறு ஆள்.

வேறு ஆள் என்று அவர்கள் சொன்னால் மாட்டுப்பெண் மெட்ராஸுக்கு ரயில் ஏறவேண்டியதுதான். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் "மூணு" சொல்ல நான் இருப்பேன். ஒண்ணு, ரெண்டு சொல்ல ஆள் இருக்காது. இதுதான் சமாசாரம். மீதியெல்லாம் இதைச் சுற்றி வந்ததுதான்.

டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார்கள் போல. அதைக் கேட்டு அடிக்க நிசப்தம் வேண்டும். எங்கள் கூடத்தில் அதற்கு வழியில்லை. இவர் முனகுவார், நலம் விசாரிக்க வருகிறவர்கள் முனகுவார்கள், நான் பேசுவேன். வரிசையில் எங்களுக்கு அடுத்த வீட்டைத் தாண்டி ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. தூரத்து உறவு, சாவி எங்களிடம் இருந்தது. மாட்டுப்பெண் அங்கே இரண்டு கம்ப்யூட்டரைப் போட்டு, எங்கள் தெருவில் படித்த பெண்கள் இரண்டு பேரை உட்காரவைத்தாள். ஆனால் போன் இருந்தது எங்கள் வீட்டில்தான். அந்த வீட்டுக்குப் புதுக் கனெக்ஷன் கேட்டால் எப்போது வருமோ, ஆண்டவனுக்கே தெரியாது. ஆகவே பேச்சு எங்கள் வீட்டில் வந்து இறங்கும், அங்கிருந்து ஒரு வயர் வழியாக அந்த வீட்டுக்குப் போகும், டைப் ஆகி அதே வயரில் திரும்பி வரும். நடுவில் ஒரே ஒரு வீடு. அக்கா வீடு.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், தனியாக இருந்தாள், பிள்ளை பம்பாயில். மடி ஆசாரத்தில் அவளை ஜெயிக்க தெருவில் ஆள் கிடையாது. காலையில் குளித்து, ஒன்பது கெஜத்தை நனைத்துப் பிழிந்து, கழியால் தூக்கி உயரத்தில் மூங்கில் கொடியில் போடுவாள். யார் கையும் படாமல் அது உலரவேண்டும். உலர்ந்ததை மறுநாள் உடுத்திச் சமைப்பாள். ஒரு ஈ மோதினால்கூடத் திரும்ப நனைத்துவிடுவாள். "ஈக்கும் ஸ்நானம் பண்ணிவிட்டேளா அக்கா?" என்று நான் கேட்பேன். அவள் மூன்று நாள் பேசமாட்டாள். அப்புறம் அவளே மோர் கேட்டு வருவாள்.

மாட்டுப்பெண் அனுமதி கேட்கப் போனபோது நானும் பின்னால் போனேன்.

"வயரா? எந்த வழியாக்கும்?" என்றாள் அக்கா.

"உங்க உள் வழியா, சுவரோரமா மாமி. குழாய்க்குள்ள விட்டுடுவோம், வெளியில தெரியாது."

"அடுக்களைக்கு மேல வேண்டாம். சுவாமி உள்ளுக்கு மேல வேண்டவே வேண்டாம். கூடத்துச் சுவர்ல ஓட்டை போடப்படாது."

"அப்போ ஆகாசத்துல விடச் சொல்றேளா?" என்றேன் நான்.

"நோக்கு வாய் அடங்காதா?" என்று என்னை அடக்கிவிட்டு, அக்கா யோசித்தாள். "கொல்லை முற்றத்துக்கு மேல, தகரத்துக்குக் கீழே விட்டுக்கோ. அங்கே நேக்கு ஒரு விரோதமும் இல்லை."

அப்படியே ஆயிற்று. வயர் போட வந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நரைத்த மீசை, இடுப்பில் ஒரு பை நிறைய சாமான். டிவி ஆன்டெனாவிலிருந்து ஆரம்பித்து எல்லாக் கம்பியும் இழுத்தவர். எங்கள் பின்சுவரிலிருந்து அக்கா முற்றத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து வீட்டுச் சுவர் வரை வயரை இழுத்துக் கட்டினார். வீணைக் கம்பி போல நின்றது.

"அண்ணா, இத்தனை இறுக்கமா வேண்டாம். கொஞ்சம் தளர்வு விடுங்கோ" என்றாள் மாட்டுப்பெண். அவள் அதற்கென்று ஒரு கோர்ஸ் படித்திருந்தாள்.

"தொங்கினா காக்கா வந்து உக்காரும் மேடம். பாக்கவும் நல்லா இருக்காது. இப்பம் பாருங்க, கோடு போட்டது மாதிரி. ஒரு கொழப்பமும் வராது."

வெட்டி மிஞ்சிய முழ நீளத் துண்டு ஒன்று தரையில் கிடந்தது. அன்று மத்தியானம் இவரைப் புரட்டிப் போட்டுவிட்டு, கட்டிலடியில் இரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்தபோது, அவள் அந்தத் துண்டின் தோலை உரித்தாள். உள்ளே எட்டுக் கம்பி. நாலு நிறம், நிறத்துக்கு ஒரு ஜோடி. ஆரஞ்சும் ஆரஞ்சு வரி போட்ட வெள்ளையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. பச்சை, நீலம், பழுப்பு, எல்லாம் அதேபோல.

"எதுக்கு இப்படிப் பின்னியிருக்கான்? நேரா விட்டா செம்பு மிச்சமாச்சே?" என்றேன்.

"அதுலதான் விஷயமே இருக்கும்மா. வெளியில மிக்ஸி ஓடறது, மோட்டார் ஓடறது, ட்யூப்லைட் எரியறது. அந்த இரைச்சல் எல்லாம் வயர்ல வந்து விழும். பின்னி இருந்தா ரெண்டு கம்பியிலயும் சமமா விழும். அந்தப் பக்கத்துல வாங்கற மிஷின் ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பாக்கும். ரெண்டுலயும் பொதுவா விழுந்த இரைச்சல் கழிஞ்சு போயிடும். நாம அனுப்பினது மட்டும் நிக்கும்."

நான் கட்டிலைப் பார்த்தேன். நாங்கள் கல்யாணம் ஆகி இந்தத் தெருவுக்கு வந்தபோது, தெரு சொன்ன சொல்லெல்லாம் அவர் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. சமமாக விழுந்ததால்தான் கழிந்து போயிருக்கவேண்டும். அவளிடம் அதைச் சொன்னேன். சிரித்தாள். களைத்த சிரிப்பு. அந்த மாதம் முழுக்க அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு பாருங்கோ. நாலு ஜோடிக்கும் முறுக்கு ஒரே மாதிரி இல்லை. இது நெருக்கம், இது கொஞ்சம் அகலம். ஒரு ஜோடி பேசறது பக்கத்து ஜோடிக்குக் கேக்கப்படாதுன்னு அப்படிப் பண்ணியிருக்கா."

"கேக்கப்படாதுன்னா?"

"சட்டம்மா. ஸ்டாண்டர்ட். எத்தனை கேட்டா பரவாயில்லை, எத்தனைக்கு மேல கேட்டா வயரைத் தூக்கி எறியணும்னு எல்லாம் எழுதி வெச்சிருக்கா."

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்பளம் பொரித்தால் அடுத்த வீட்டில் எத்தனை அப்பளம் என்று சொல்லிவிடுவார்கள். பொதுச்சுவர் அத்தனை மெல்லிசு. "இந்தச் சட்டத்தை நம்ம தெருவுக்கும் போட்டா எத்தனை குடும்பம் பொழச்சிருக்கும்" என்றேன்.

சட்டம் அதோடு முடியவில்லை. பிளக்கில் கம்பிகள் உட்காருவதற்கும் வரிசை உண்டு, கல்யாணப் பந்தி மாதிரி. ஆரஞ்சு ஜோடி முதலில் ஒட்டி உட்காரும். கடைசியில் பழுப்பு ஜோடி ஒட்டி உட்காரும். பச்சை ஜோடி மட்டும் பிரிந்து உட்காரவேண்டும், நடுவில் நீல ஜோடி. இரண்டு நுனியிலும் அதே வரிசை இருக்கவேண்டும். நுனியில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. கரெண்ட் வயரோடு சேர்த்து ஓட்டக்கூடாது. ஒடித்து மடக்கக்கூடாது. நூறு மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பிடித்து இழுக்கக்கூடாது.

"இத்தனை நியமம் அக்காவுக்குக்கூடக் கிடையாது" என்றேன். "ஏதாவது ஒண்ணு தப்பினா?"

"ஓடற மாதிரி இருக்கும். ஆனா ஓடாது" என்றாள்.

முதல் வாரம் ஓடியது. அப்புறம் அவள் சொன்னபடியே ஆயிற்று. காலையில் ஓடாது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் ஓடும். மறுநாள் காலையில் மறுபடி படுத்துவிடும். பாதிப் பேச்சு போய்ச் சேரும், மீதி வழியில் எங்கேயோ நின்றுவிடும். அமெரிக்காவில் ராத்திரி ஆகிவிட்டால் வயரும் தூங்குமோ என்று கேட்டேன். மாட்டுப்பெண் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தாள். கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு அட்டையை மாற்றினாள். விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

வேலை நிற்கக்கூடாது அல்லவா? பேச்சை ஃப்ளாப்பியில் ஏற்றினாள். சதுரமாக, கறுப்பாக, பிஸ்கட் போல இருக்கும். சுருக்கமாகப் பேசின டாக்டர் ஒரு ஃப்ளாப்பியில் அடங்குவார். வளவளவென்று பேசினவர் மூன்று ஃப்ளாப்பிக்கு வருவார். அவற்றை மடியில் கட்டிக்கொண்டு வாசல் இறங்கி, அக்கா வீட்டைத் தாண்டி, அந்த வீட்டுப் படி ஏறிக் கொடுத்துவிட்டு, டைப் ஆனதை வாங்கிக்கொண்டு திரும்பி வரவேண்டும். மாட்டுப்பெண் காதில் மாட்டிக்கொண்டு டைப் அடிக்கிறாள். அந்த இரண்டு பெண்களும் அடிக்கிறார்கள். மீதி யார்? நான்தான். காலையெல்லாம் நான்தான் அந்த வயர். முறுக்கிக்கொள்ள எனக்கு ஜோடியும் இல்லை, அவர் படுத்துக்கிடந்தார். வரும்போது ஒரு தடவை அவர் துணியைப் பார்ப்பேன், போகும்போது ஒரு தடவை வாயில் தண்ணீர் விடுவேன். சாயங்காலம் முழங்கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கிவிடும்.

தெரு சும்மா இருக்குமா? "என்ன மாமி, அஞ்சல் ஆபீஸ் உத்தியோகமா?" என்றார்கள். "ஆமாம், அமெரிக்கா பிராஞ்ச்" என்றேன்.

வயர்க்காரரைக் கூப்பிட்டனுப்பினோம். அவருக்கு மத்தியானத்துக்கு அப்புறம்தான் ஒழியும். வந்தார். இந்த நுனியில் ஒரு டப்பா, அந்த நுனியில் ஒரு டப்பா மாட்டினார். எட்டு விளக்கு வரிசையாக எரிந்தது.

"கண்டில்லே மாமி? எட்டும் எரியுது. வயர்ல ஒரு கொழப்பமும் இல்ல. மேடத்துக்கு கம்ப்யூட்டர்லதான் என்னமோ."

"அண்ணா, அந்த டப்பா, கம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்றதான்னு மட்டும்தான் சொல்லும். முறுக்கு நன்னா இருக்கான்னு சொல்லாது" என்றாள் அவள்.

"எட்டும் எரிஞ்சா எட்டும் ஓகே" என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டார்.

ஐப்பசி பிறந்து துலாமாத மழை பிடித்துக்கொண்டது. மழை வந்ததும் மத்தியானம் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வயருக்கு உயிர் வரும். அதற்குள் அனுப்பவேண்டிய நேரம் தாண்டியிருக்கும். ஆபீஸிலிருந்து போன் வந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார்களாம். அன்று ராத்திரி பிள்ளையும் போன் பண்ணினான். அவள் "ம்", "ம்" என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டு வந்து இவர் தோள் பக்கம் நின்றாள். "ஒண்ணு" என்றாள். ரெண்டு சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் காலையில் அவள் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். கூடத்திலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து கிணற்றடி. அங்கே கல் மேல் ஏறி, அக்கா முற்றத்தை எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றாள். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா மாமி புடவை" என்றாள்.

"புடவைக்கு என்ன?"

"வயர்ல காயறது."

நானும் கல் மேல் ஏறிப் பார்த்தேன். தகரத்துக்குக் கீழே, அந்த அஞ்சாம் வகை வயர் மேல், அரக்கு நிறத்தில் ஒன்பது கெஜம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் தண்ணீர் சொட்டியது. வீணைக் கம்பி வில்லாக வளைந்திருந்தது. மேலே மூங்கில் கொடி காலியாகக் கிடந்தது.

இப்போது எல்லாம் பிடிபட்டது. காலையில் நனைந்த புடவை ஏறும். கனத்தில் வயர் இழுபடும், பிளக்குக்குள் கம்பி விலகும், வேலை நிற்கும். உலர்ந்து புடவை இறங்கினால் ஓடும். வயர்க்காரர் வரும் நேரத்தில் புடவை மடித்துப் பெட்டிக்குள் இருக்கும். மழைக்காலத்தில் உலரச் சாயங்காலம் ஆகும். அக்காவையும் குற்றம் சொல்லமுடியாது. யாரும் தொடாத கம்பி, புதுசு, சுத்தமானது, உயரமும் சரி. மடிக்கென்றே கட்டிக்கொடுத்த கொடி என்று எந்த மடிக்காரிக்கும் தோன்றும்.

"எடுத்துப் போட்டிருக்கலாமே?" என்றேன்.

"நான் இன்னும் குளிக்கலைம்மா. தொட்டா விழுப்பு" என்றாள் அந்தப் பெண். அவள் கண்ணில் தண்ணீர். வேலையே போகப்போகிறது, அதிலும் மடி பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

நேரே போய், "உங்க புடவையாலதான்" என்று சொன்னால் என்ன ஆகும்? இடம் கொடுத்தவளுக்கு ரோசம் வரும். ரோசம் வந்தால் வயருக்கு வழி கிடையாது. வழி போனால் எல்லாம் போயிற்று. ஆகவே நான் ஒரு யுக்தி பண்ணினேன். "நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்" என்று அவளை உட்காரவைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, அந்த வயருக்குள்ள என்ன போறது தெரியுமோ?"

"என்ன போறது?"

"ஆஸ்பத்திரி. அமெரிக்காவுல இன்னிக்கு யார் பெத்தா, யார் போனா, யாருக்கு எங்கே சீழ் பிடிச்சது, எல்லாம் அதுக்குள்ளதான் ஓடறது. அத்தனை தீட்டும் இந்த முற்றத்துக்கு மேலதான். நீங்க மடிக்காரி. எதுக்கும் அது பக்கத்துல ஒண்ணும் அண்டாமப் பாத்துக்கோங்கோ."

அக்கா முகம் மாறியது. புடவையைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

"அடி பாவி! எவளோ பெத்ததும் எவனோ செத்ததும் எங்காத்துக்கு மேலயா ஓடறது? இதைச் சொல்லாமத்தானே இடம் வாங்கினேள்? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவிழ்த்துண்டு போ! இல்லைன்னா அரிவாள்மணையால நானே நறுக்கிடுவேன்!"

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். மாட்டுப்பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஒரு நாளாவது தமாஷ் சொல்லாம இருக்கப்படாதாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் எழுந்து போய்க் குளித்தாள். ஈரத்தலையோடு, அந்த உரித்த வயர்த் துண்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் எதற்குப் போகவேண்டும்? சுவர்தான் இருக்கிறதே. இவர் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே காதைச் சுவர்ப் பக்கம் வைத்தேன். அவரும் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். முனகலை நிறுத்திவிட்டார்.

"மாமி, அம்மா சொன்னது சும்மா. வயர்ல தீட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. கரெண்ட்தான் துடிச்சுத் துடிச்சுப் போறது. இங்கே பாருங்கோ, ஜோடி ஜோடியா முறுக்கியிருக்கு. முறுக்கு கலையாம இருந்தாத்தான் இரைச்சல் ஏறாது. நனைஞ்ச புடவை கனம் மாமி. இறுக்கிக் கட்டின வயர் நடுவுல கொஞ்சம் கனம் தொங்கினாலே ரெண்டு ஓரத்துலயும் பல மடங்கு இழுக்கும். முறுக்கு இளகும், பிளக்குல கம்பி விலகும். இதை இத்தனைதான் இழுக்கலாம்னு ஒரு அளவு உண்டு. அது தாண்டிடுத்து."

அக்கா மணையை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்போ என் புடவையாலதானா உன் வேலை நிக்கறது?"

"ஆமாம் மாமி. இன்னும் ஒரு வாரத்துல சரியாகலைன்னா வேலை போயிடும். நான் மெட்ராஸ் போகணும். அப்பாவைப் புரட்டிப்போட அம்மா ஒருத்தியால முடியாது."

"இதை நேரே வந்து சொல்லப்படாதா? நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?" அக்கா குரல் தாழ்ந்தது. எனக்குச் சுவரோடு இன்னும் ஒட்டவேண்டியிருந்தது. "கை பொங்கலைடி கொழந்தே, மேல தூக்க முடியலை. தோள்பட்டையில பிடிச்சுக்கறது. கழியைத் தூக்கினா பாதியில புடவை நழுவி மண்ணுல விழறது. திரும்ப நனைக்கணும், திரும்பப் பிழியணும். க்ஷீணமா இருக்கு. வயர் தாழ்வா இருந்தது, கழியே வேண்டாம். போட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா நான் வந்து..."

"யார்கிட்டச் சொல்றது? எனக்கு முடியலைன்னு தெரிஞ்சா என் பிள்ளை வந்து பம்பாய்க்குத் தூக்கிண்டு போயிடுவான். எட்டாம் மாடியில நான் எங்கே புடவை உலர்த்துவேன், யாரோட சண்டை போடுவேன்? நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே. முக்கியமா உன் மாமியாருக்குத் தெரியப்படாது. தெருவெல்லாம் பாடிடுவா."

நான் சுவரிலிருந்து காதை எடுத்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முறைப்பாக இல்லை, வேறு மாதிரி. "நான் ஒண்ணும் பாடமாட்டேன்" என்று அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் வயர்க்காரர் ஏணியோடு வந்தார். பழைய வயரைக் கழற்றிவிட்டுப் புது வயர் போட்டார். முதலில் ஒரு இரும்புக் கம்பியைக் கட்டி, அதில் வயரைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டினார். மாட்டுப்பெண் கீழே நின்று, இங்கே ஒடிக்காதே, அங்கே இறுக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "இனி காக்கா உக்காந்தா என்னைச் சொல்லப்பிடாது" என்று அவர் முனகினார். வயர் தகரத்தை ஒட்டி மேலே போயிற்று. மூங்கில் கொடி கயிறு நீட்டிக் கீழே இறங்கியது, அக்கா தோள் உயரத்துக்கு.

"மூங்கிலை எதுக்கு இறக்கினே?" என்று மாட்டுப்பெண்ணைக் கேட்டேன்.

"வயருக்கு இடம் வேணும்மா, அதான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஓஹோ" என்றேன், நானும் அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலையிலிருந்து வயர் ஓடியது. மழையிலும் ஓடியது. நான் ஃப்ளாப்பி சுமப்பது நின்றது. அந்த வாரம் முடிந்ததும் ஆபீஸிலிருந்து தொடர்ந்து வேலை அனுப்புகிறோம் என்றார்கள். மாட்டுப்பெண் போனை வைத்துவிட்டு வந்து இவர் தோளைப் பிடித்தாள். "ஒண்ணு, ரெண்டு" என்று சேர்ந்தாற்போலச் சொன்னாள். என் முழங்கால் வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு எந்த ஸ்டாண்டர்டும் இல்லை போல.

ஆனால் அக்கா போட்ட கத்தலைத் தெரு கேட்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சுவர் வழியாக டைப் அடிக்கிற பெண்கள் காதிலும் அரைகுறையாக ஏதோ விழுந்திருந்தது. ஏணியும் வந்து போயிற்று. அதற்கப்புறம் தெரு பூக்காரியிடம் பூவை மட்டுமா வாங்கும்? ஒரு சாயங்காலம் பூக்காரி கூடையைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்காவும் இருந்தாள், சுவாமிக்குத் துளசிமாலை வாங்க.

"என்ன மாமி, அன்னிக்கு அப்படி ஒரு சண்டை? புடவை, வயர்னு என்னவோ காதுல விழுந்ததே" என்றாள் தெருக்கோடி வீட்டுக்காரி. "யாரோ வயர்ல புடவை உலர்த்தினாளாமே? யாரு?"

அக்கா கை துளசிமாலையில் அப்படியே நின்றது.

"யாரா? நான்தான்" என்றேன். "எங்காத்துக் கொல்லையில வெயில் எங்கே இருக்கு? அக்கா முற்றத்துல கோடு போட்ட மாதிரி கம்பி ஒண்ணு நீண்டு கிடந்தது. கொடியாக்கும்னு நெனச்சு என் புடவையைப் போட்டுட்டேன். தினமும் போட்டேன். மாட்டுப்பொண் வேலையே போகத் தெரிஞ்சது. அக்கா கண்டுபிடிச்சுக் கத்தினா. கத்தாம பின்னே?"

தெரு சிரித்த சிரிப்பில் பூக்காரி அளக்கிற முழமே தவறிப்போயிற்று. நாலாம் கிளாஸ் படிச்சவளுக்கு வயரைக் காட்டினா இப்படித்தான் என்றாள் ஒருத்தி. வருஷக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி பண்ணினார்கள். யார் வீட்டில் புது வயர் போட்டாலும், "மாமி கண்ணுல படாம பாத்துக்கோங்கோ" என்பார்கள்.

அன்று எல்லாரையும்விட அதிகம் திட்டியது அக்காதான்.

"எத்தனை தடவை சொன்னேன், கேட்டாளா? இத்தனை வயசாச்சு, எது கொடி, எது வயர்னு தெரியவேண்டாமா?" என்றாள். சொல்லிவிட்டு, வாங்கிய துளசியில் ஒரு கண்ணியைக் கிள்ளி என் கையில் வைத்தாள்.

"தெரியலையே அக்கா" என்றேன். "பாக்க நல்ல கொடியாட்டம் இருந்தது."